யாருக்கும் வாசிக்கத் தெரியாத கடிதம்: புவனேகபாகுவின் எகிப்துத் தூது பற்றி ஒரு மறுவாசிப்பு

மீலாத் போட்டிக்கு வந்த கட்டுரைகளைத் திருத்தும் வேலை சென்ற வருடம் என் தலையில் விழுந்தது. தலைப்பு 'இலங்கையும் அரபுலகும்'. கல்முனைக்குடியிலும் சுற்றுவட்டப் பாடசாலைகளிலும் இருந்து வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றில் ஒரே பந்தி, ஏறத்தாழ ஒரே சொற்களில் இருந்தது. கி.பி. 1283இல் இலங்கை மன்னன் எகிப்து சுல்தானிடம் ஒரு முஸ்லிமைத் தூது அனுப்பினான், இது நமது அரபு வம்சாவளிக்கும் அரசவைச் செல்வாக்குக்கும் அசைக்க முடியாத சான்று என்பதே அந்தப் பந்தி. எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். ஒரு விழா மலரில் வந்த கட்டுரை. அந்த மலருக்கு முன்பு இன்னொரு மலர், அதற்கும் முன்பு வேறொன்று. எல்லாவற்றிலும் அதே பந்திதான்.

பரிசளிப்பு முடிந்து வெளியே வரும்போது தரம் பத்துப் படிக்கும் ஒரு பொடியன் என்னிடம் கேட்டான்: "சேர், அந்த ஹாஜியார் எங்கட ஊர் ஆளா, இல்லாட்டி அரபி ஆளா?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்து விட்டேன். இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிற ஒருவன் இப்படியொரு கேள்விக்குச் சமாளிப்புப் பதில் சொன்னது எனக்கே பிடிக்கவில்லை. இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

முதலில் செய்தியைச் சரியாக வைத்துக்கொள்வோம். யாப்பஹுவவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதலாம் புவனேகபாகு, எகிப்தின் மம்லூக் சுல்தான் அல்மன்சூர் கலாவூனுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினான். ஹிஜ்ரி 682 முஹர்ரம் மாதம், அதாவது கி.பி. 1283 ஏப்ரலில், அக்குழு கெய்ரோவைச் சேர்ந்தது. குழுவில் இருந்தவராக அறியப்படுபவர் அல்ஹாஜ் அபூ உத்மான். அவர்கள் கொண்டுபோன கடிதம் ஒரு தங்கப் பேழைக்குள் இருந்தது. மரப்பட்டை போன்ற ஒன்றில் எழுதப்பட்டிருந்தது. கெய்ரோவில் அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர்கூட இல்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தூதுவர்களே வாயால் சொன்னார்கள். இதை நமக்குத் தருபவர் அரபு வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி. அவர் மறைந்தது 1442இல்; ஆகவே சம்பவத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்ரமேர் அந்த நூலைப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார். 1919இல் எச். டபிள்யூ. கொட்ரிங்டன் றோயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் இக்கடிதம் பற்றி எழுதினார். அதன்பிறகுதான் நமது எழுத்தாளர்கள் கைக்கு இது வந்தது.

சிங்கள மன்னனின் மொழி, தூதுவரின் வாய், கெய்ரோ அரசவையின் அரபு, மக்ரீஸியின் ஏடு, பிரெஞ்சு, ஆங்கிலம், கடைசியில் விழா மலரின் தமிழ். இத்தனை கை மாறி வந்த ஒரு கடிதத்தை நாம் நேரே மன்னன் கையிலிருந்து வாங்கியதுபோல் மேற்கோள் காட்டுகிறோம். முதற்குறை இதுதான்.

இரண்டாவது குறை பெயரைப் பற்றியது. 'அபூ உத்மான்' என்பது ஒருவரை அவரது பிள்ளையின் பெயரால் அழைக்கிற குன்யா. உத்மானின் தகப்பன் என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லவில்லை. 'அல்ஹாஜ்' என்பது அவர் மக்காவுக்குப் போய்வந்ததைச் சொல்கிறது. இரண்டிலும் பிறந்த ஊர் இல்லை. அவர் ஹோர்முஸ் வர்த்தகராக இருக்கலாம், காயல்பட்டினத்தவராக இருக்கலாம், பேருவளையில் பிறந்தவராகவும் இருக்கலாம். நமது ஊரில் எத்தனை ஹாஜியார்மார் இருக்கிறார்கள்! எண்ணூறு வருடம் கழித்து ஒரு ஏட்டில் அந்தப் பட்டத்தை மட்டும் கண்டெடுக்கும் ஒருவர், 'இவர்கள் மக்காவிலிருந்து வந்தவர்கள்' என்று எழுதினால் எப்படியிருக்கும்? அந்தப் பிழையைத்தான் நாம் அபூ உத்மான் விடயத்தில் செய்கிறோம்.

இப்படிச் செய்ய நமக்கு ஒரு தேவை இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி றோயல் ஆசிய சங்கத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழர் என்பதே அதன் சாரம். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டுமா என்பது பேசப்பட்ட காலம் அது, 1889இல் எம். சீ. அப்துல் றஹ்மான் நியமிக்கப்பட்டார். இராமநாதனுக்கு மறுப்பாக ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய நூல் 1907இல் வெளிவந்தது. அன்று அரபு வேர் என்பது வெறும் பெருமையாக இருக்கவில்லை. தனித்துவத்துக்கான வழக்கில் முன்வைத்த ஆவணமாக இருந்தது. அப்துல் அஸீஸ் அன்று வழக்காடியதில் நியாயம் இருந்தது. ஆனால் வழக்கறிஞர் வாசிக்கிற மாதிரி ஒரு ஏட்டை வாசிப்பது வேறு, வரலாற்று மாணவன் வாசிக்கிறது வேறு. வழக்கறிஞர் தன் கட்சிக்கு உதவும் வரியை மட்டும் அடிக்கோடிடுவார். நாம் நூறு வருடத்துக்குப் பிறகும் அடிக்கோடிட்ட வரியைத்தான் வாசிக்கிறோம், கடிதத்தை வாசிக்கவில்லை.

மூன்றாவது குறையும் அதுதான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதுதான் சுவையான பகுதி.

திருக்குறளில் 'தூது' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 69ஆவது. அதற்கு உரை சொல்லப் புகும் பரிமேலழகர் தூதரை இரண்டாக வகுக்கிறார். தானே வகுத்துச் சொல்பவன் ஒருவன். சொன்னதை மட்டும் சொல்பவன் மற்றவன். முன்னவன் அமைச்சனுக்குச் சமம், பின்னவன் அதில் கால் பங்கு குறைந்தவன் என்கிறார். பரிமேலழகர் 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியவர். புவனேகபாகுவின் தூது போன காலத்துக்குத் தூரத்தவர் அல்லர். அவரது அளவுகோலை அபூ உத்மானுக்கு வைத்துப் பார்ப்போம்.

கையில் கடிதம் இருப்பதால் அவர் சொன்னதைச் சொல்பவர்தான். ஆனால் கெய்ரோவில் அந்தக் கடிதத்தை வாசிக்க ஆள் இல்லை என்று தெரிந்த அந்தக் கணத்தில் அவருடைய தரம் மாறுகிறது. இனி அவர் சொல்வதுதான் கடிதம். சரிபார்க்க எவரும் இல்லை. கூறியது கூறுவானாகப் புறப்பட்டவர் வகுத்துக் கூறுவானாகி நிற்கிறார். ஆகவே மக்ரீஸியின் ஏட்டில் இருப்பது மன்னனின் குரலா, தூதுவரின் குரலா என்று கேட்காமல் இந்தக் கடிதத்தை வாசிக்க முடியாது.

கேட்டுப் பார்த்தால் இரண்டு குரலும் தனித்தனியே கேட்கின்றன என்பது என் வாசிப்பு.

ஒரு குரல் தன் செல்வத்தைச் சொல்கிறது. முத்தும் மாணிக்கமும் தன்னிடம் குவிந்திருக்கின்றன, இருபத்தேழு கோட்டைகளின் கருவூலங்கள் நிறைந்திருக்கின்றன, யானைகள் இருக்கின்றன என்கிறது. கல்வெட்டு மெய்க்கீர்த்தி படித்தவர்களுக்கு இது பழகிய குரல். நம் பகுதி மன்னர் எவரும் தம்மைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னால் இப்படித்தான் தொடங்குவார்கள். இது பேழைக்குள் இருந்த எழுத்தின் குரலாக இருக்க வேண்டும்.

மற்றக் குரல் கணக்குப் பேசுகிறது. கறுவாவும் சாயமரமும் இங்கே கிடைக்கும், ஈட்டிக்காம்புக்கு ஏற்ற மரம் உண்டு, கப்பல்கள் தர முடியும், சுல்தானின் வியாபாரிகள் வந்துபோகலாம், ஒரு எகிப்தியத் தூதுவர் எங்களுடன் திரும்பி வரட்டும், இன்னொருவர் ஏடனில் தங்கியிருக்கட்டும் என்கிறது. இலங்கையும் மிஸ்ரும் ஒன்றே என்ற பொருள்பட ஒரு வார்த்தையும் வருகிறது. இதில் ஏடன் என்ற சொல்லைக் கவனியுங்கள். யெமன் ஆட்சியாளரின் தூதுவர் தன்னிடம் நட்புக் கேட்டு வந்ததாகவும் சுல்தான்மீது கொண்ட அன்பால் அவரைத் திருப்பி அனுப்பியதாகவும் அதே கடிதம் சொல்கிறது. யெமனை ஒதுக்கிவிட்டு, யெமனின் துறைமுகத்தில் எகிப்து ஒரு ஆளை வைக்க வேண்டும் என்று கேட்பது மேலோட்டமாக முரண். ஆனால் செங்கடலுக்குள் போகிற சரக்கு ஏடனைத் தொடாமல் போகாது என்பது கப்பல் ஏறியவனுக்குத் தெரியும். யாப்பஹுவக் குன்றின் மேல் இருந்த அரசனுக்கு அந்தச் சூக்குமத்தைச் சொல்லிக் கொடுத்தது யார்? வருடத்தில் எந்தக் காற்றுக்கு எந்தத் துறையில் நிற்க வேண்டும் என்று அறிந்த ஒரு வர்த்தகன்தான். அந்த இடங்களில் அபூ உத்மானின் குரல் கேட்கிறது என்று நினைக்கிறேன்.

இதை நிறுவ என்னிடம் ஆதாரம் இல்லை. கடிதத்தின் உள்ளேயுள்ள சொற்களை வைத்துச் சொல்கிறேன். ஆனால் 'அரபு வம்சாவளிக்குச் சான்று' என்பதைவிட இது அந்த ஏட்டுக்கு நெருக்கமான வாசிப்பு.

இன்னொரு கேள்வி. அரபு தெரிந்த ஹாஜியார் ஒருவர் கையோடு இருக்கும்போது கடிதத்தை ஏன் அரபில் எழுதவில்லை? பாரசீகத்திலாவது எழுதியிருக்கலாமே? அறுபது வருடம் கழித்து, 1344இல், இந்நாட்டின் மேற்குக் கரையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இப்னு பதூதா, அவருக்குப் பாரசீகம் தெரிந்திருந்ததாக எழுதுகிறார். கடல் வழி ராச்சியங்களுக்குப் பொதுமொழி இல்லாமல் இல்லை. ஆக, யாப்பஹுவ மன்னன் தன் நாட்டு எழுத்தில் எழுதியதை அறியாமை என்று கொள்ள முடியாது. அரசனின் வார்த்தை அரசனின் எழுத்தில் போக வேண்டும், விளக்கம் தூதுவரின் வாயில் போக வேண்டும் என்ற முறைமையாகவே தோன்றுகிறது. தங்கப் பேழையே அந்த மரியாதையைச் சொல்கிறது.

இதற்கு நேர்மாறான ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுக் கொண்டுவந்த காலி மும்மொழிக் கல்வெட்டு, 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. வாசிப்பவனின் மொழிக்கு இறங்கி வந்து பேசிய ராஜதந்திரம் அது. ஆனால் சில ஆண்டுகளில் அதே செங் ஹேயின் படைதான் இந்நாட்டின் அழகக்கோனாரைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. மொழி மரியாதை எப்போதும் நல்லெண்ணத்தின் அடையாளம் என்று நம்பிவிட வேண்டாம்.

புவனேகபாகுவின் பெயர் அரபு ஏட்டில் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 'அபூ நக்பா' என்பதுபோல ஒன்றாகிவிட்டது. புவனத்தைத் தாங்கும் ஒரே தோள் என்ற பொருளுள்ள பெயர், அரபுக் காதில் ஒரு குன்யாவாக, அதுவும் கேடு என்ற சொல்லின் சாயலோடு விழுந்திருக்கிறது. நமது பெயர்களைச் சிங்களப் பதிவேட்டிலும் ஆங்கிலக் கடவுச்சீட்டிலும் மூன்று விதமாக எழுதி, கட்டார் விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்கிற எங்கட ஆட்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும்.

தூது ஏன் போனது? தனியே பக்தியோ பாசமோ அல்ல. அன்றைய பாண்டிய நாட்டில் பாரசீக வளைகுடாவின் குதிரை வாணிபம் செழித்திருந்தது. பாண்டிய அரசவையில் தகியுத்தீன் அப்துர் றஹ்மான் என்ற முஸ்லிம் அமைச்சர் இருந்தார். கிஷ் தீவு வர்த்தகப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவர். காயல் துறை அவர்கள் கையில். ஆக, பாக்கு நீரிணையின் அந்தப் பக்கத்து அரசுக்கும் முஸ்லிம் வர்த்தகர் துணை, இந்தப் பக்கத்து அரசுக்கும் முஸ்லிம் வர்த்தகர் துணை. இலங்கை மன்னன் அந்த வலையைச் சுற்றிப் போய்க் கெய்ரோவோடு நேரடி வழி திறக்கப் பார்த்தான் என்று கொள்வதில் பொருத்தம் இருக்கிறது. 'முஸ்லிம் உலகம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அன்று கெய்ரோ ஒரு கட்சி, மங்கோலியர் ஆண்ட பக்தாத் இன்னொரு கட்சி, யெமன் மூன்றாவது, கிஷ் நான்காவது. தூதுக்குழு ஹோர்முஸ் வழியாகப் பக்தாத் பக்கம் ஏறிப் போனது. 1281இல் ஹிம்ஸ் போரில் கலாவூன் மங்கோலியரை முறியடித்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம். யெமனைத் தவிர்க்க அந்த வழியே போனார்கள் என்றால் அபூ உத்மானின் துணிச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பலன்? பெரிதாக ஒன்றுமில்லை. மறு வருடமளவில் புவனேகபாகு இறந்தான். பாண்டியர் படை ஆரியச் சக்கரவர்த்தி தலைமையில் வந்து யாப்பஹுவவை அழித்து, புனித தந்தத்தைப் பாண்டி நாட்டுக்குக் கொண்டுபோனதாகச் சூளவம்சம் சொல்கிறது. அதை மீட்டது போரல்ல. மூன்றாம் பராக்கிரமபாகு பாண்டியனிடம் நேரே போய்ப் பேசி மீட்டான். இந்த முடிவையும் விழா மலர்கள் எழுதுவதில்லை. தோற்றுப்போன தூது பெருமைக்கு உதவாதல்லவா.

இந்த இடத்தில்தான் எனக்கு 2021 ஞாபகம் வருகிறது. கொவிட் தொற்றில் இறந்தவர்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, ஏறத்தாழ ஒரு வருடம் நம் ஜனாஸாக்களை என்ன செய்தது என்பதை இங்கே எழுதிக் காட்டத் தேவையில்லை. நாட்டுக்குள் நாம் எழுதாத மகஜர் இல்லை, ஏறாத நீதிமன்றம் இல்லை. 2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போனார். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்தது. பெப்ரவரி 25இல் அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. அன்றிரவு எங்கள் ஒழுங்கையில் பலர் அழுதார்கள். என் மூத்தம்மா அந்தப் பிரதமருக்குத் துஆச் செய்தா. நானும் ஆமீன் சொன்னேன்.

ஆனால் பிறகு யோசித்தேன். 1283இல் இந்நாட்டு மன்னனின் வாயாக ஒரு முஸ்லிம் தூரத்து முஸ்லிம் சுல்தானிடம் போய், 'எங்கள் நாட்டுக்கு இது வேண்டும்' என்று பேசினார். 2021இல் நமக்காகப் பேசத் தூரத்து முஸ்லிம் நாடொன்றின் பிரதமர் இங்கே வர வேண்டியிருந்தது. தூது அதேதான், திசை மாறிவிட்டது. நாட்டின் குரலாக இருந்தவர்கள், நாட்டிடம் பேசப் பிறருடைய குரலை நம்பி நிற்கிறோம். இதற்கு நம்மை ஆண்டவர்கள் செய்த கொடுமை முதற்காரணம்; அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நமது விழா மலர்ப் பந்திக்கும் இதில் ஒரு சிறு பங்கு இருக்கிறது. அபூ உத்மானை நாம் தலைமுறை தலைமுறையாக 'அங்கிருந்து வந்தவர்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு 'நீங்கள் வந்த இடத்துக்கே போங்கள்' என்று சிலர் சொன்னபோது, அந்தப் பிள்ளைகளிடம் திருப்பிச் சொல்ல வேறு பந்தி இருக்கவில்லை.

வேறு பந்தி அந்த ஏட்டிலேயே இருக்கிறது. அவர் கலாவூனின் ஆள் அல்லர், புவனேகபாகுவின் ஆள். கெய்ரோ அரசவையில் அவர் 'உங்கள் மார்க்கத்தான் வந்திருக்கிறேன்' என்று பேசியதாகக் குறிப்பில்லை. எங்கள் அரசன், எங்கள் முத்து, எங்கள் கறுவா என்றுதான் பேசியிருக்கிறார். அந்த அவையில் இலங்கையின் எழுத்து என்ன சொல்கிறது என்று விளக்கத் தெரிந்தவர்கள் அவரும் அவருடன் போனவர்களும் மட்டுமே. ஒரு பௌத்த மன்னன் தன் நாட்டின் மானத்தைத் தங்கப் பேழையில் வைத்து ஒரு முஸ்லிமின் கையில் கொடுத்தான். அவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இந்தச் செய்திக்கு வம்சாவளி எதுவும் தேவைப்படவில்லை.

நமது ஆய்வாளர்கள் செய்ய வேண்டியது இன்னும் உண்டு. மக்ரீஸியின் அரபு மூலத்தை ஆங்கிலத்தின் வழியாக அல்லாமல் நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில், நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. நமது மத்ரஸாக்களில் அரபும் தமிழும் அறிந்த மௌலவிமார் இருக்கிறார்கள். ஒரு சிறு நூலாக, மூலமும் பெயர்ப்பும் குறிப்பும் சேர்த்து வந்தால், அடுத்த மீலாத் போட்டிக்குப் பிள்ளைகள் பந்தியைப் பார்த்தெழுத மாட்டார்கள், கடிதத்தையே வாசிப்பார்கள்.

அந்தப் பொடியன் இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். போன கிழமை கடற்கரைப் பள்ளியடியில் கண்டேன். "அந்த ஹாஜியார் எங்க பிறந்தவர் என்று ஏட்டில் இல்ல மகன், ஆனா யாருக்காகப் பேசப் போனவர் என்று இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கட நாட்டு ஆள்தானே சேர்" என்றான்.

ஓம் என்றேன்.